கேப்டனா, சுபேதாரா? ஒரு வெள்ளிச் சிலுவையிலிருந்து தாத்தாவின் பட்டாள வாழ்க்கையைத் தேடுவது

கேட்டவர் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். தேவிபட்டினத்தை ஒட்டிய கடற்கரை ஊர். தாத்தா இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்தில் இருந்தவர். தகர டப்பாவில் ஒரு வெள்ளிச் சிலுவை, ஆறு முனை நட்சத்திரம் இரண்டு, வட்டப் பதக்கம் இரண்டு, கரையான் தின்றது போக மிஞ்சிய பாதி டிஸ்சார்ஜ் சான்றிதழ். வீட்டில் ‘கேப்டன் தாத்தா’ என்கிறார்கள், ஊர்ப் பள்ளிக்கூடத்து நன்கொடைக் கல்லில் ‘சுபேதார்’ என்று வெட்டியிருக்கிறது. எது சரி, எங்கே சண்டை போட்டார், சிலுவை எதற்குக் கிடைத்தது, பாலிஷ் போட்டு பிரேம் பண்ணலாமா என்று நான்கு கேள்வி. நான்குக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: குடும்பம் சொல்லும் கதையை எதைக் கொண்டு சரிபார்ப்பது? பொருள்களின் படம் இல்லாததால், கீழே நான் சொல்லும் அடையாளங்களை நீங்களே பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதுதான் அவசரம். பாலிஷ் போடாதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை, கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். வெள்ளியில் படிந்திருக்கும் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகத்தால் வந்தது. அதனால் கெடுதல் இல்லை. தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து எழுத்தின் விளிம்பும் போய்விடும், உங்களுக்கு வேண்டியதே அந்த எழுத்துதான். நட்சத்திரங்கள் செம்புக் கலவை. நம் கடற்கரை உப்புக்காற்றில் அவற்றுக்கு வரும் நோய் வேறு. அங்கங்கே வெளிர்பச்சைப் பொடி பூக்கும், துடைத்தாலும் சில வாரத்தில் அதே இடத்தில் திரும்பப் பூக்கும். உப்பிலுள்ள குளோரைடு உலோகத்துக்குள் இறங்கி, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் வேலை செய்வதால் இப்படி ஆகிறது. ஈரத்தை நிறுத்தினால் நோயும் நிற்கும். நன்றாக மூடும் பாலிபுரோப்பிலீன் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால், நிறம் மாறியதும் எடுத்துச் சூடுபடுத்திக் காயவைத்துத் திரும்பப் போடலாம். வழவழப்பான பி.வி.சி. உறை கூடாது, அதிலிருந்து கசியும் அமிலம் செம்பை அரிக்கும். ரப்பர் பேண்டும் கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். ரிப்பன் கிழிந்திருந்தாலும் கழற்றாதீர்கள். எந்தப் பதக்கத்தில் எந்த ரிப்பன் இருந்தது என்பதே ஒரு சாட்சி. சான்றிதழை லேமினேஷன் செய்வதோ செலோ டேப் ஒட்டுவதோ திருத்த முடியாத தவறு. முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்துவிட்டு, பாலியெஸ்டர் உறையில் தட்டையாக வைத்தால் போதும். சுவரில் மாட்ட ஆசையென்றால் படம் எடுத்துப் பெரிதாக்கி அதை மாட்டுங்கள்.

இனி சிலுவை. அந்தக் காலத்து இந்தியப் படையில் ஒருவர் வாங்கியிருக்கக்கூடிய வெள்ளிச் சிலுவை என்றால் முதலில் நினைக்க வேண்டியது மிலிட்டரி கிராஸ். நான்கு கையின் நுனியிலும் ஒரு சிறு கிரீடம் இருக்கும், நடுவில் அரசரின் பெயரெழுத்து முடிச்சு இருக்கும். ரிப்பன் வெள்ளை, கருநீல ஊதா, வெள்ளை என்று மூன்று சம பட்டை. வெள்ளை பழுத்து மஞ்சளாகியிருக்கும், ஊதா வெளுத்துச் சாம்பல் போலத் தெரியும், ஆனால் மூன்று பட்டையின் அகலம் மாறாது. திருப்பிப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்து மிலிட்டரி கிராஸின் பின்புறக் கீழ்க்கையில் விருது கொடுத்த ஆண்டு பொறித்திருக்கும். பெயர் இருக்காது, அதனால் பெயரில்லாமல் இருப்பதை வைத்துப் போலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரீடங்கள் இல்லாமல், நடுவட்டத்தில் குதிரைமேல் ஒருவர் டிராகனைக் குத்தும் உருவமும் கருநீல ரிப்பனும் இருந்தால் அது ஜார்ஜ் கிராஸ். மிக அரிது. ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடிமேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டதற்காக அதைப் பெற்றார். உங்கள் தாத்தா ஊர் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுத்தவர், ஆகவே மிலிட்டரி கிராஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் கேப்டன், சுபேதார் குழப்பம் அவிழ்கிறது. மிலிட்டரி கிராஸ் ‘ஆபீசர் மெடல்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஆபீசர் என்பதில் இரண்டு அடுக்கு உண்டு. அரசரின் பெயரால் கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், பெற்ற லெப்டினன்ட், கேப்டன், மேஜர் ஒரு அடுக்கு. வைஸ்ராய் கமிஷன் பெற்ற ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் இன்னொரு அடுக்கு. சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர்கள் இவர்கள். நம் ஊரில் இன்று நாயப் சுபேதார் என்பது அன்றைய ஜமேதார்தான், 1965-ல் பெயர் மாறியது. மிலிட்டரி கிராஸ் இந்த இரண்டு அடுக்குக்குமே உரியது. ஆகவே சிலுவை கையில் இருப்பதை வைத்து அவர் கேப்டன் என்று முடிவுகட்ட முடியாது, சுபேதார் என்று கல்லில் இருப்பதால் சிலுவை அவருடையது அல்ல என்றும் சொல்ல முடியாது. நீண்டகாலம் நல்லபடி உழைத்த வைஸ்ராய் கமிஷன் ஆபீசர்களுக்கு ஓய்வுபெறும் சமயத்தில் ஆனரரி லெப்டினன்ட், ஆனரரி கேப்டன் என்ற கௌரவப் பட்டம் கொடுக்கும் வழக்கம் அப்போதும் இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. போரில் சுபேதாராக இருந்தவர் ஊருக்குக் கேப்டனாகத் திரும்பியிருக்கலாம். அப்படியானால் வீடும் சரி, கல்லும் சரி. இது ஊகம்தான், ஆனால் இந்த மாவட்டத்தில் இத்தகைய முரண்பாட்டுக்கு முதலில் சோதித்துப் பார்க்க வேண்டிய விடை.

சோதிக்க ஒரு புகைப்படம் போதும். சீருடையில் எடுத்த படம் இருந்தால் தோள்பட்டையைப் பெரிதாக்குங்கள். கேப்டனுக்கு மூன்று நட்சத்திரம். லெப்டினன்டுக்கும் சுபேதாருக்கும் இரண்டிரண்டு, இதில்தான் பலரும் ஏமாறுவார்கள். சுபேதாரின் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அடியில் சிவப்பு மஞ்சள் சிவப்பாக ஒரு சிறு துணிப்பட்டை தைத்திருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது நட்சத்திரத்துக்குக் கீழே நடுவில் வெளிறிய ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு இருந்தால் சந்தேகமே இல்லை, படம் எடுத்த நாளில் அவர் வைஸ்ராய் கமிஷன் ஆபீசர். மார்பில் எத்தனை ரிப்பன் இருக்கிறது என்பதையும் எண்ணுங்கள். சிலுவையின் ரிப்பன் படத்தில் இல்லையென்றால் படம் விருதுக்கு முந்தியது.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும், மனம் கோணாமல் கேளுங்கள். இந்த ஆறு முனை நட்சத்திரங்கள் வீரத்துக்கான விருதல்ல, குறிப்பிட்ட போர்க்களத்தில் குறிப்பிட்ட காலம் பணியில் இருந்ததற்கான அடையாளம். எல்லாம் ஒரே வடிவம். நடுவட்டத்தைச் சுற்றியுள்ள எழுத்தை வாசித்தால்தான் எது என்று தெரியும். ஒன்று அநேகமாக 1939–45 ஸ்டாராக இருக்கும். ரிப்பன் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம். பொதுவாக ஆறு மாதம் போர்ப்பகுதியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. மற்றொன்றுதான் கதையின் திசையைக் காட்டும். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூன் முதல் 1943 மே வரைக்குள் வட ஆப்பிரிக்காவிலோ, கெரன் சண்டை நடந்த எரித்ரியா, அபிசீனியாப் பக்கமோ இருந்திருக்கிறார். இத்தாலி ஸ்டாரின் ரிப்பன் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. பர்மா ஸ்டாரில் நடுவில் அகலமான சிவப்பு, இருபுறம் கருநீலம், அவற்றின் நடுவே மெல்லிய ஆரஞ்சுக் கோடு. பசிபிக் ஸ்டார் மலாயா, ஹாங்காங்கில் இருந்தவர்களுக்கு உரியது. பர்மா ஸ்டாருக்குத் தகுதியான காலம் 1941 டிசம்பர் 11-ல் தொடங்குகிறது. பர்மா மண்ணை மிதித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், வங்காளம், அஸ்ஸாமின் சில பகுதிகளில் குறிப்பிட்ட காலம் இருந்தவர்களுக்கும் அது உண்டு. பர்மா ஸ்டார் இருப்பதால் இம்பாலில் சண்டை போட்டார் என்றோ மெய்க்டீலாவில் இருந்தார் என்றோ எழுதிவிடக் கூடாது. அந்தப் போர்முனையில் இருந்தார் என்பது மட்டுமே உறுதி.

வட்டப் பதக்கம் இரண்டில் ஒன்றின் பின்புறம் சிங்கம் இரட்டைத்தலை டிராகனின்மேல் நிற்கும். அது வார் மெடல், 28 நாள் பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. ஆனால் அதன் ரிப்பனை உற்றுப் பாருங்கள். வெண்கலத்தில் ஒரு சிறு ஓக் இலை குத்தியிருந்தால் போர்த் தளபதியின் அறிக்கையில் அவர் பெயர் தனியாகக் குறிப்பிடப்பட்டது என்று பொருள். இது விருது அளவுக்கே தேடத்தக்க செய்தி. இலை உதிர்ந்து டப்பாவின் மூலையில் கிடக்கலாம், குப்பையென்று தட்டிவிடாதீர்கள். இலை போயிருந்தாலும் ரிப்பனில் இரண்டு சிறு ஓட்டை மிஞ்சும். இன்னொரு வட்டப் பதக்கத்தின் பின்புறம் இந்தியாவின் வரைபடம் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல், இந்தியாவுக்குள் போரில்லாப் பணியில் மூன்றாண்டு இருந்ததற்கு. ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பையும், நட்சத்திரத்தின் பின்புறத்தையும் வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்துப் பாருங்கள். எண்ணும் பெயரும் பொறித்திருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. பொறிக்காமல் கொடுத்தவையும் உண்டு, இல்லையென்றால் கவலை வேண்டாம்.

எந்த ரெஜிமென்ட் என்பதில் இந்தக் கரையில் எல்லோரும் ‘மெட்ராஸ் ரெஜிமென்ட்’ என்றே சொல்வார்கள். சேர்ந்த ஆண்டைக் கேட்டால் பொருந்தாது. மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் நிரந்தரப் பட்டாலியன்களை 1920களில் கலைத்துவிட்டார்கள், போர் வந்த பிறகுதான் 1941 முதல் மறுபடி எழுப்பினார்கள். ஆகவே 1930களில் சேர்ந்தவர் என்றால் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸில் சேர்ந்திருக்கவே அதிக வாய்ப்பு. 1940-க்குள் ஜமேதார் ஆனவர் என்றால் இன்னும் உறுதி, ஏனென்றால் சிப்பாயாகச் சேர்ந்து அந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். சாப்பர்கள் பாலம் போடுகிறவர்கள், கண்ணிவெடி எடுக்கிறவர்கள், ரோடு வெட்டுகிறவர்கள். அவர்களுடைய பீல்டு கம்பெனிகள் தனித்தனி எண்ணோடு வெவ்வேறு டிவிஷன்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. சாப்பர் என்றால் ரெஜிமென்ட் பெயர் மட்டும் உதவாது, கம்பெனி எண் வேண்டும்.

அந்தப் பாதிச் சான்றிதழில் தேட வேண்டியவை: படை எண், சேர்ந்த தேதி, அப்பா பெயர், ஊர், தாலுகா. தாலுகாதான் உங்களுக்குப் பெரிய துணை. ஆவணத்தில் ‘ராம்நாட்’ என்று இருந்தால் இன்றைய மாவட்டத்தை நினைக்காதீர்கள். 1910-ல் உருவாகி 1985-ல் பிரியும்வரை ராமநாதபுரம் மாவட்டம் என்பது சிவகங்கை, காரைக்குடி, அருப்புக்கோட்டை, சிவகாசி எல்லாம் சேர்ந்தது. ஒரே பெயரில் வேறு ஒருவர் சாத்தூர்க்காரராக இருக்கலாம். தொண்டிப் பக்கம் என்றால் திருவாடானை தாலுகா, சாயல்குடிப் பக்கம் என்றால் முதுகுளத்தூர் தாலுகா என்று அந்நாளைய பிரிவை வைத்து ஒத்துப் பாருங்கள். எழுத்துக் குழப்பமும் உண்டு. வட இந்தியக் கிளார்க்கோ ஆங்கிலேயரோ காதில் விழுந்தபடி எழுதியது அது. ‘ழ’ வரும் இடத்தில் ல, ர, ஸ எதுவும் இருக்கலாம், ‘கருப்பையா’ நாலு விதமாக வரும், ‘முத்துராமலிங்கம்’ இரண்டு பெயராகப் பிரிந்திருக்கும். நம் இனிஷியலை விட்டுவிட்டு ஒற்றைப் பெயராகவும் எழுதியிருப்பார்கள்.

படை எண் கிடைத்தால் எழுத வேண்டிய இடம் தெளிவு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகம், சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ஆவண அலுவலகம். கமிஷன் ஆபீசர் என்று தெரிந்தால் டெல்லி ராணுவத் தலைமையகம். 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல் இணையுங்கள். இதில் பலர் தோற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘சர்வீஸ் ரெக்கார்டு கொடுங்கள்’ என்று கேட்டால், பென்ஷன் வாங்காதவர்களின் ஷீட் ரோல் (தனிநபர் பணிப் பதிவுத் தாள்) 25 ஆண்டுக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரிப் பதில் வரும். அது விதிப்படியான பதில்தான், பொய்யல்ல. ஆனால் ‘லாங் ரோல்’ என்ற பதிவேட்டை அழிப்பதில்லை. எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம் என்று சுருக்கமாக அதில் இருக்கும். ஆகவே முதல் கடிதத்திலேயே லாங் ரோல் பதிவின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பாட்டி குடும்ப பென்ஷன் வாங்கியிருந்தால் வழி இன்னும் எளிது. அதற்கான பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) எண்ணை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பி.பி.ஓ.வில் கடைசி ரேங்க் இருக்கும், ஆனரரி பட்டம் இருந்தால் பெரும்பாலும் அதுவும் தெரிந்துவிடும்.

சிலுவை எதற்கு என்பதற்கு டெல்லியைவிட லண்டன் உதவும். விருதுகள் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் அச்சானவை, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சிலுவையின் பின்புற ஆண்டிலிருந்து தொடங்குங்கள், பெயரைவிட எண்ணைப் போட்டுத் தேடுவது நல்லது. வைஸ்ராய் கமிஷன் ஆபீசர்களின் எண்ணுக்கு முன் ‘ஐ.ஓ.’ என்று இரண்டு ஆங்கில எழுத்து வரும். ஸ்கேன் செய்த கணினி அதைப் பல இடத்தில் ‘10’ என்று படித்துவைத்திருக்கும், அதையும் சேர்த்துத் தேடுங்கள். போர்க்கால எமர்ஜென்சி கமிஷன் பெற்ற இந்திய ஆபீசர்களுக்கு ‘ஐ.இ.சி.’ வரும். ரேங்க் சண்டை இந்த ஒரே வரியில் தீர்ந்துவிடக்கூடும். கெஜட்டில் பெயரும், ‘பர்மாவில்’, ‘இத்தாலியில்’ என்ற அளவில் இடமும்தான் இருக்கும், என்ன செய்தார் என்று இருக்காது. அச்சான தேதியும் சண்டை நடந்த தேதியல்ல, பல மாதம் பிந்தியது. சிலுவையில் 1945 என்று இருந்தால் சம்பவம் 1944 இறுதியிலும் நடந்திருக்கலாம்.

என்ன செய்தார் என்பது பரிந்துரைத் தாளில் இருக்கும். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 என்ற தொகுதி அது. ஆன்லைனில் பெயர் போட்டுத் தேடி, சிறு கட்டணத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கத் தாள். மேலே பிரிகேட், டிவிஷன், கோர், எண், ரேங்க், யூனிட். நடுவில் இன்ன தேதி இரவு, இன்ன ஆற்றங்கரையில், இன்ன செய்தார் என்ற விவரம். பக்கத்தில் எந்த விருதுக்குப் பரிந்துரை, கடைசியில் எது கொடுக்கப்பட்டது என்று கையால் எழுதியிருக்கும். சில தாள்களில் மேலான ஒரு விருதை அடித்துவிட்டு மிலிட்டரி கிராஸ் என்று மாற்றியிருப்பார்கள். அந்த அடித்தலையும் உங்கள் எழுத்தில் பதிவு செய்யுங்கள். தாளில் உள்ளது மேலதிகாரி விருது வாங்கித்தர எழுதிய மொழி, ஆகவே எதிரியின் எண்ணிக்கை போன்றவற்றைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தேதி, இடம், யூனிட் மூன்றையும் பெரும்பாலும் நம்பலாம்.

அந்தத் தேதி கிடைத்ததும் யூனிட்டின் வார் டைரியை, அதாவது அன்றாட நடப்புப் பதிவேட்டை, பாருங்கள். அதே காப்பகத்தில் மத்தியக் கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிக்கு 170, பர்மா போர்முனைக்கு 172. மாதம் ஒரு கட்டு. தாத்தாவின் பெயரை அதில் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். வெள்ளைக்கார ஆபீசர் லீவில் போனது எழுதியிருக்கும், சுபேதார் பெயர் அபூர்வம், சிப்பாய் பெயர் அநேகமாக இருக்காது. யூனிட் அன்றைக்கு எங்கே முகாமிட்டது, மழை பெய்ததா, பாலம் எத்தனை மணிக்கு முடிந்தது என்பவை கிடைக்கும். அவர் வாழ்க்கையின் நாள்களை அதை வைத்து நிரப்பலாம், ‘அவருடைய கம்பெனி அன்று இங்கிருந்தது’ என்ற வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால்.

உங்கள் கேள்வியின் ஓரத்தில் ‘நேதாஜி படையிலும் இருந்தார் என்கிறார்கள்’ என்று ஒரு வரி இருந்தது. ராமநாதபுரம் கரையில் இது வராத குடும்பம் குறைவு. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தும் கூலி வேலை செய்தும் இருந்த நம் ஆட்கள் ஏராளம், அவர்களில் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களிலும் பலர் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்து பிடிபட்ட படையாட்களைப் போருக்குப் பிறகு வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்து, கறுப்பில் வைத்தவர்களைச் சம்பளப் பாக்கியைப் பறித்துக்கொண்டு நீக்கினார்கள். 1945-ல் மிலிட்டரி கிராஸ் பெற்றுப் பென்ஷனோடு திரும்பிய ஒருவர் அதே காலத்தில் எதிர்ப்படையில் இருந்திருக்க முடியாது. ஆனால் கதை பொய் என்று தள்ளாதீர்கள். தாத்தாவின் அண்ணன், தம்பி, மைத்துனர் யாராவது ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்தாரா என்று விசாரியுங்கள். இரண்டு பேருடைய கதை எழுபது எண்பது வருடத்தில் ஒருவர் தலையில் ஏறிவிடுவது சகஜம், அப்படியானால் நீங்கள் எழுத வேண்டியது இரண்டு பேரின் வாழ்க்கை. அந்த இன்னொருவர் தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால் அந்தக் கோப்பு தனி. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. தாள்கள் இருக்கின்றன.

இவ்வளவும் படை எண் என்ற ஒன்றில் தொங்குகிறது. சான்றிதழின் தின்னப்பட்ட பாதியில் அது போயிருந்தால் வேறு நான்கு இடத்தில் பாருங்கள்: பழைய மணியார்டர் துண்டு, போர்க்களத்திலிருந்து வந்த கடிதத்தின் அனுப்புநர் வரி, பாட்டியின் பென்ஷன் புத்தகம், பிறகு டிரங்குப் பெட்டி. பட்டாளத்துக்காரர் வீட்டுக் கறுப்பு இரும்புப் பெட்டியின் மூடியில் எண், ரேங்க், பெயர் மூன்றையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவது வழக்கம். வீட்டில் யாரோ நெல்லோ வலையோ போட்டுவைக்க அதன்மேல் பச்சை அடித்திருக்கலாம். சுரண்டாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மூடியின் ஓரத்தில் படுக்கவைத்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். புது வர்ணத்துக்கு அடியில் பழைய எழுத்தின் மேடு நிழல் கட்டித் தெரியும்.